அந்நியன்: ஒரு பெயர் வீட்டுக்குள் வந்த வழி

1980ஆம் ஆண்டு க்ரியா பதிப்பகம் ஒரு மெல்லிய நாவலை வெளியிட்டது. ஆல்பெர் காம்யு எழுதி 1942இல் வெளிவந்தது. வெ. ஸ்ரீராம் நேராகப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். தலைப்பு ஒற்றைச் சொல்: ‘அந்நியன்’. மனிதன் எந்த அளவுக்குச் சுதந்திரமானவன், அவன் வாழ்வுக்குப் பொருள் என்று ஒன்று முன்கூட்டியே உண்டா என்று நவீன இலக்கியம் கேட்ட கேள்விகளைப் பேச வருகிற யாரும் அந்த நாவலைத் தொடாமல் போக முடியாது. அதன் கதையைத் தமிழில் பலர் விரித்து எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அந்தப் பெயரின் கதையை. அது எங்கிருந்து வந்தது, வருகிற வழியில் யார் யாரைச் சுட்டியது, 1980க்குப் பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்பதை.

பிரெஞ்சு மூலத்தின் பெயர் ‘எத்ரான்ழே’. லத்தீனில் ‘வெளியே’ என்ற பொருள் தரும் வேரிலிருந்து கிளைத்த சொல். வேற்று நாட்டவன், முன்பின் அறியாதவன், தன் கூட்டத்துக்குள்ளேயே ஒட்டாமல் நிற்பவன் ஆகிய மூவரையும் அது குறிக்கும். ஆங்கிலத்தால் இந்த மூவரை ஒரு சொல்லில் அடக்க முடியவில்லை. 1946இல் ஸ்டூவர்ட் கில்பர்ட் செய்த ஒரே மொழிபெயர்ப்பு லண்டனில் ‘தி அவுட்சைடர்’ என்றும் நியூயார்க்கில் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் வெளியானது. தமிழில் அப்படிப் பிளக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் தமிழில் இருந்தது ஒரு சொல் மட்டும் அல்ல. ஒரு கூட்டமே இருந்தது.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பேச்சிலிருந்தே தொடங்கலாம். பக்கத்து ஊர்க்காரர் ‘அசலூரு’. உறவுக்குள் வராதவர் ‘வேத்தாளு’. குடும்ப விஷயத்தில் தலையிடக்கூடாதவர் ‘பிறத்தியாரு’. சில வீடுகளில் ‘புறத்தியாரு’. இந்தச் சொற்களை யாரும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றிப் போட மாட்டார்கள். அசலூரில் பெண் எடுக்கலாம், பிறத்தியாரிடம் சாவி கொடுக்க மாட்டார்கள். வேத்தாளு இல்லை என்று சொல்லித்தான் ஒருவரை அடுப்படி வரை கூப்பிடுவார்கள்.

இவற்றில் ‘அசல்’ என்பது ‘அயல்’ என்ற பழஞ்சொல்லின் பேச்சு வடிவம். மூலப்பிரதி, சுத்தமானது என்கிற அர்த்தத்தில் நாம் சொல்லும் ‘அசல்’ அரபியிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ‘அயல்’ என்றால் பக்கம், அருகு. ‘அண்டை அயல்’ என்பதில் அந்த அர்த்தம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆனால் ‘அயல்நாடு’ என்று சொல்லும்போது அதே சொல் கடல் தாண்டிப் போய்விடுகிறது. ஒட்டினாற்போல் இருப்பவனுக்கும் எட்ட இருப்பவனுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருந்தது. என் வீட்டுச் சுவரைத் தாண்டியவுடன் தொடங்குகிற எல்லாமே அயல்தான் என்று இதற்குப் பொருள் கொள்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் வரிசை நீள்கிறது. சங்கப் பாடல்களில் ‘ஏதிலாளர்’ வருகிறார்கள், எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். திருக்குறளில் ‘ஏதிலார்’ பிறர் என்ற அளவில் பல இடங்களில் நடமாடுகிறார்கள். பகையும் நட்பும் இல்லாத மூன்றாம் மனிதர் ‘நொதுமலர்’; அகப்பாடல்களில் தலைவியைப் பெண் கேட்டு வருகிற வெளியார் இவர்களே, அதனால்தான் ‘நொதுமலர் வரைவு’ என்றதும் தோழிக்குப் பதற்றம் வருகிறது. பாலை நிலத்தில் வழிப்பறிக்கு ஆளாகும் வழிப்போக்கர் ‘வம்பலர்’. வம்பு என்றால் அன்றைக்குப் புதுமை. மொழி புரியாதவர் ‘மிலேச்சர்’, கப்பலில் வந்தவர் ‘யவனர்’. ‘விருந்து’ என்ற சொல்லும் முதலில் புதுமையையும் புதிதாய் வந்தவனையும்தான் குறித்தது. இலை போட்ட சோறு பிறகு வந்தது. இவ்வளவு பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் செம்புலப் பெயல்நீரார் குறுந்தொகையில் பாடிய இருவர். தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரு உறவும் இல்லாத இரண்டு பேர், அந்த உறவின்மையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நெஞ்சு கலந்துபோகிறார்கள்.

இத்தனை சொல் இருந்தும் ‘அந்நியம்’ ஏன் உள்ளே வந்தது? வடமொழி ‘அன்ய’, வேறு என்று பொருள். ‘அன்னியம்’ என்றும் எழுதலாம், ‘அந்நியம்’ என்றும் எழுதலாம்; பாரதியின் வந்தே மாதரப் பாட்டில் இருப்பவர்கள் ‘அன்னியர்’, க்ரியா அட்டையில் இருப்பவன் ‘அந்நியன்’. ஊரில் வழங்கிய சொற்கள் எல்லாம் மனிதர்களைச் சுட்டின. தத்துவம் பேசியவர்களுக்கு மனிதரைத் தாண்டிய ஒரு சொல் வேண்டியிருந்தது. இறைவனுக்கும் உயிருக்கும் நடுவே இருக்கிற ‘வேறு’ என்பதைப் பேச வேண்டும். அந்த வேலைக்குத்தான் இந்தச் சொல் நம்மிடம் பெரிதும் பயன்பட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் உரைப்பகுதியில் அத்துவிதம் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது ‘அந்நிய நாத்தி’ என்கிறார். வேறாக இருத்தல் என்பது இல்லை. அதற்காக இரண்டும் ஒன்றே என்றும் இல்லை. சைவ சித்தாந்தம் முழுவதும் இந்த நுட்பமான இடத்தில் நிற்கிறது. அதே நூற்றாண்டில், 1268இல், காஞ்சிபுரத்தை ஒட்டிய தூப்புலில் வேதாந்த தேசிகர் பிறந்தார். அவர் எழுதியவை உட்பட வைணவ மணிப்பிரவாள நூல்களில் ‘அநந்யகதித்துவம்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: வேறு புகல் இல்லாத நிலை. எங்கள் உத்திரமேரூரில் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலில் உற்சவ நாட்களில் பேசும் உபந்நியாசகர்கள் வாயில் அந்தச் சொல்லை இன்றைக்கும் கேட்கலாம்.

இந்த இரண்டு மரபிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘அந்நியம்’ அங்கே மறுக்கப்படுவதற்காகவே வருகிறது. அந்நியம் இல்லை, அந்நியம் வேண்டாம், அந்நியத்தின் பக்கம் போகாதே. உயிர் எங்கேயோ ஓரிடத்தில் சேர்ந்தே இருக்கிறது, சேராததுபோல் தோன்றுவது மலத்தால், அல்லது கர்மத்தால் என்ற உறுதி அந்த மறுப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஏழு நூற்றாண்டு கழித்து இதே சொல்லை ஒரு நாவலின் தலையில் மறுப்புக் குறி இல்லாமல் தனியே நிறுத்தியபோது நிகழ்ந்த மாற்றத்தின் அளவை இந்தப் பின்னணி தெரிந்தால்தான் உணர முடியும். மரண தண்டனை பெற்ற காம்யுவின் நாயகன் சிறைக்குள் வந்த பாதிரியாரிடம் சண்டைக்கு நிற்பது இந்தச் சேர்க்கையை மறுத்துத்தான்.

இதே வேரில் இன்னொரு சொல்லும் உண்டு. அன்ய என்பதை இரண்டு முறை சொன்னால் அன்யோன்ய. ஒருவர் மற்றவரோடு, மற்றவர் இவரோடு. தமிழில் அது ‘அந்நியோன்னியம்’. கணவன் மனைவி நெருக்கத்துக்கு இதைவிட அழகான சொல் நம் வீடுகளில் இல்லை. கல்யாண வாழ்த்தில் பெரியவர்கள் சொல்லுவார்கள், “அந்நியோன்னியமா இருங்க.” அந்நியன் ஒருவன் தனியே நின்றால் அந்நியம், இரண்டு அந்நியர் எதிரெதிரே நின்றால் அந்நியோன்னியம். செம்புலப் பெயல்நீரார் பார்த்த இருவரையும் இந்தச் சொல் தன் எழுத்துக்கூட்டலிலேயே வைத்திருக்கிறது. ஒருவரை ஒருவர் ‘வேறு’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நெருக்கம் தொடங்குகிறது என்று எந்தத் தத்துவாசிரியனும் வந்து சொல்லாமலேயே இந்தச் சொல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தத்துவத்தை விட்டு இறங்கி ஊருக்கு வருவோம். இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அன்றைய பெயர். ‘வடக்கு மேரு’ என்ற புராணப் பெயர், கடைசியில் ஒரு தமிழ் ‘ஊர்’ ஒட்டிக்கொள்ள உத்திரமேரூர் ஆனது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது என்று தகுதிகள். இவை பிரபலம். அவ்வளவாகப் பேசப்படாதது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டும் அல்ல. அவன் சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று கல் ஒவ்வொரு உறவாகப் பெயர் சொல்லி விலக்குகிறது.

ஊழலைத் தடுக்க அந்த விதி எவ்வளவு கூர்மையானது என்று நாம் பெருமைப்படலாம், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் சுதந்திரம் பற்றிய கேள்வியோடு அந்தச் சுவர் முன் நின்றால் அதே வரிகள் வேறு விதமாகப் பேசும். அங்கே ஒரு மனிதன் யார் என்பது அவன் செய்ததால் மட்டும் முடிவாவதில்லை. யாருக்கு என்ன முறை என்பதாலும் முடிவாகிறது. மனிதன் தான் செய்பவற்றின் மொத்தம், அதற்கு மேலே வேறு ஏதும் இல்லை என்று 1945 அக்டோபரில் பாரீஸில் தத்துவவாதி ழான்-போல் சார்த்ர் ஒரு பொதுக்கூட்டத்தில் வாதாடினார். அதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது எங்கள் ஊர்க் கல். உறவுமுறையை இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த ஊரில் அந்தப் பட்டியல் முடிந்த இடத்தில் எஞ்சுபவன் யார் என்று யாரும் எழுதவில்லை. அவனுக்குப் பெயரே தேவைப்படவில்லை. குடத்துக்குள் போகக்கூடிய ஓலை அவனுக்கு இல்லை.

அவனுக்குப் பெயர் தேவைப்பட்ட காலமும் இந்தப் பக்கத்திலேயே வந்தது. இங்கிருந்து தென்மேற்கே பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அங்கே ஐயர் கூட் தலைமையில் ஆங்கிலேயரும், லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள், பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். யார் ஊரில் யார் சண்டை என்று கேட்கத் தோன்றும். மக்களுக்கு இரு தரப்பும் ‘பறங்கி’யே. ‘ஃபிராங்க்’ என்ற இனப்பெயர் பாரசீகம் வழியாக வந்து பறங்கியானது. பறங்கிமலையும் பறங்கிக்காயும் அந்தப் பெயரில்தான் இன்னும் நம்மோடு இருக்கின்றன. அந்தப் போரின் விளைவு இந்தக் கட்டுரை வரை நீள்கிறது. நம் முன்தலைமுறை வாசகர்கள் காம்யுவையும் காஃப்காவையும் சார்த்ரையும் ஆங்கிலத்தின் வழியாகவே முதலில் படித்தார்கள். பாண்டிச்சேரி அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பிரெஞ்சிலிருந்து நேராக ஒரு ‘அந்நியன்’ வர 1980 ஆக வேண்டியிருந்தது.

சுதேசி இயக்கம்தான் ‘அந்நிய’ என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்நிய ஆட்சி, அந்நியத் துணி, அந்நியப் பொருள். சித்தாந்தத்தில் உயிருக்கும் இறைவனுக்கும் நடுவே இருந்த நுட்பமான ‘வேறு’ இப்போது லங்காஷயர் மல்லுத்துணி ஆயிற்று, கொளுத்தக்கூடியதாயிற்று. விடுதலைக்குப் பின் அது அலுவலகத்துக்குள் போனது: அந்நியச் செலாவணி, அந்நிய முதலீடு. ஏதிலாரும் நொதுமலரும் அகராதிக்குள் ஒதுங்கினார்கள். எல்லைக்கு வெளியே இருந்து வருவது என்ற ஒரே திசை இந்தச் சொல்லில் பதிந்துவிட்டது. அந்தத் திசையை மாற்றிய முதல் கை ஒரு மார்க்சியரின் கை.

எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’ 1975இல் வந்தது. கியர்க்கெகார்டிலிருந்து சார்த்ர் வரை ஒரு ஐரோப்பியச் சிந்தனை மரபைத் தமிழில் விரிவாக எடுத்துவைத்த நூல். அந்தத் தத்துவத்தின் பெயரைத் தமிழாக்காமல் அப்படியே தலைப்பில் வைத்தார். பிறகுதான் இருத்தலியல், இருத்தலியம், இருப்பியல் என்று பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. ‘இரு’ என்ற வினை தமிழில் உட்கார், தங்கு, காத்திரு, உயிரோடு இரு என எல்லாவற்றையும் சுமக்கிறது. “இருப்புக் கொள்ளவில்லை” என்று ஒருவர் சொன்னால், காரணம் இன்னதென்று காட்ட முடியாத ஒரு தவிப்பைச் சொல்கிறார் என்று யாருக்கும் புரியும். கியர்க்கெகார்டும் ஹைடெக்கரும் பக்கம் பக்கமாக எழுதிய பதற்றம் இதுதான். அதனால் ‘இருத்தலியல்’ என்ற பெயரை ஏற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1979இல் அவருடைய ‘அந்நியமாதல்’ வந்தது. மார்க்ஸ் 1844இல் எழுதி 1932 வரை முழுதாக அச்சேறாமல் கிடந்த கையெழுத்துப் பிரதிகளின் மையச் சொல்லுக்கு இது தமிழ். உழைப்பவன் செய்த பொருள் அவனுக்கே வெளியே, அவனுக்கு எதிராக, அவனை ஆளுகிற ஒன்றாக நிற்கிறது. இதற்கு எங்கள் மாவட்டத்தில் புத்தகம் தேவையில்லை. காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்கிற ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். தறி வீட்டின் நடுவே குழியில் இருக்கும். வீட்டார் அதைச் சுற்றித்தான் உண்டு உறங்குவார்கள். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரை நாடாவை வாங்கித் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. சேலை அறுத்து இறக்கிய அன்று அது மடிப்புக் கலையாமல் முதலாளி வீட்டுக்குப் போய்விடும். நாள் கணக்கில் கையும் காலும் கண்ணும் பழகிய ஒன்று, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் போனதும், நெய்தவர் வீட்டுப் பெண் தொட்டுப் பார்க்கவும் கூசுகிற ஒன்றாகிவிடுகிறது. அந்நியத் துணி லங்காஷயரிலிருந்து வர வேண்டும் என்று இல்லை. சொந்தத் தறியிலிருந்தும் வரும்.

இப்படி ‘அந்நியம்’ எல்லைக் கோட்டிலிருந்து தறிக்குழி வரை வந்துவிட்டிருந்தபோதுதான் அடுத்த வருடம் காம்யுவின் நாவல் வந்தது.

அதன் நாயகன் மெர்சோ அல்ஜியர்ஸில் வேலை பார்க்கிற சாதாரண குமாஸ்தா. முதியோர் இல்லத்தில் இருந்த அம்மா இறந்துபோகிறாள். போகிறான். பெட்டியைத் திறந்து முகம் பார்க்கவில்லை. இரவு விழித்திருக்கும்போது பால் கலந்த காப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கடலில் நீந்துகிறான், ஒரு பெண்ணோடு சிரிப்புப் படம் பார்க்கிறான். பிறகு ஒரு நாள் கடற்கரையில் கொதிக்கும் வெயிலில் ஒரு அரபியைச் சுட்டுக் கொல்கிறான். வழக்கு நடக்கிறது. அரசு வக்கீல் கொலையைவிட அந்தச் சாவு வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். அம்மாவுக்கு அழாதவன் என்பதே அவன் கழுத்தை வாங்குகிறது.

இந்த வழக்கை எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் உட்கார்ந்து படித்தால் எந்த விளக்கவுரையும் தேவைப்படாது. தெருவில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், உள்ளே பெண்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் வந்து இறங்குகிற பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து தோளில் தோள் கோத்து வட்டமாகக் குனிந்து அழுவார்கள். தாய்வீட்டுக் கோடி யார் போடுவது, நெய்ப்பந்தம் எந்தப் பேரப்பிள்ளைகள் பிடிப்பது, வாய்க்கரிசி யார் முதலில் போடுவது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அழுகைக்கும் முறை உண்டு. கொள்ளி வைக்கிற மகன் ஈர வேட்டியோடு நிற்கும்போது அத்தனை கண்ணும் அவன் முகத்தில் இருக்கும். அவன் அழுதால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அழாவிட்டால் கருமாதி வரை பேச்சு ஓடும். “கல்லு மாதிரி நின்னான், பாத்தியா?” “பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே.” அவன் உள்ளே என்ன இருந்தது என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்க நினைப்பதும் இல்லை.

இதில் ஊரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வட்ட அழுகை எத்தனையோ பேரைப் பித்துப் பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது. தனியே வந்திருக்க வேண்டிய துக்கத்தைப் பத்துப் பேர் தோளில் ஏற்றியிருக்கிறது. ஆனால் காம்யு கேட்பது வேறு. உணராத ஒன்றை உணர்ந்ததாகச் சொல்லாதவனுக்கு உங்களிடம் இடம் உண்டா? மெர்சோ நல்லவன் என்று நாவல் சொல்லவில்லை. செத்துப்போன அம்மாவிடம் அவனுக்கு அன்பு இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் பொய் சொல்ல மறுக்கிறான், அவ்வளவுதான். உயிர் பிழைக்கக்கூடிய பொய்யையும் சேர்த்தே மறுக்கிறான். சார்த்ர் பேசிய சுதந்திரம் தேர்ந்தெடுத்துச் செயல்படுகிற சுதந்திரம். காம்யுவின் நாயகனிடம் இருப்பது அதைவிடச் சிறியது, பிடிவாதமானது. தன் வாயிலிருந்து வருகிற சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது. காம்யு தன்னை எக்ஸிஸ்டென்ஷியலிஸ்ட் என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று 1945லேயே மறுத்துவிட்டார் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இனித் தலைப்புக்கு வருவோம். ‘அயலான்’ என்று வைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரனாகியிருப்பான். ‘வேற்றாள்’ என்றால் உறவுக் கணக்கு மட்டும் நின்றிருக்கும். ‘ஏதிலான்’ அழகான சொல், ஆனால் குறள் உரையோடு வந்து நின்றிருக்கும். அல்ஜியர்ஸ் வெயில் அதில் விழுந்திருக்காது. பிரெஞ்சு வேருக்கு மிக நெருக்கமானது ‘புறத்தான்’. தமிழில் புறம் என்றவுடன் போரும் கொடையும் வந்துவிடும். ‘அந்நியன்’ தன்னோடு எடுத்துவந்தது சித்தாந்தம் மறுத்த ‘வேறு’, வெள்ளைக்காரன் ஆட்சி, ராஜதுரையின் தறி, இவற்றோடு ‘அந்நியோன்னியம்’ என்ற நிழலையும். நாலும் அந்த நாவலுக்குத் தேவைப்பட்டவை.

வெள்ளைக்காரன் ஆட்சி தேவைப்பட்டதா என்று யாராவது கேட்கலாம். அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரன் மெர்சோ. அந்த மண்ணில் உண்மையிலேயே அந்நியன். அவன் சுட்ட அரபிக்கு நாவல் முழுவதும் பெயர் இல்லை. 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் காமெல் தாவூத், செத்தவனின் தம்பி வாயால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லி, அவனுக்கு மூசா என்று பெயர் வைத்தார். அந்நியத் துணியைக் கொளுத்திய நாட்டு வாசகனுக்கு ‘அந்நியன்’ என்ற தலைப்பிலேயே அந்த எழுபது வருடம் தாமதமான கேள்வி அடங்கியிருந்தது. ‘தி அவுட்சைடர்’ என்ற பெயரில் அது கேட்காது.

தமிழ்ப் படைப்பில் இந்த மனிதன் 1980க்கு முன்பே உலவிக்கொண்டிருந்தான், பிறகும் உலவினான். நகுலனின் ‘நினைவுப்பாதை’ 1972. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974; அதன் கந்தன், ஊர் வகுத்த நல்லது கெட்டதுக்கு வெளியே ஒரு நாளை முழுதாக வாழ்ந்து காட்டுகிறான். ஆதவனின் நகரத்து இளைஞர்கள் தாங்கள் போடுகிற வேஷங்களைத் தாங்களே பார்த்துக் கூசுகிறார்கள். 1981இல் சுந்தர ராமசாமி ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளைத் தொடங்கும்போது, காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5இல், தன் நாயகனைச் சாகவைக்கிறார். 1984இல் சம்பத்தின் ‘இடைவெளி’ சாவு என்றால் என்ன என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பஸ்தனை அலைக்கழித்தது. சம்பத் இன்னும் அதிகம் படிக்கப்பட வேண்டியவர். இவர்கள் யாரும் ‘அந்நியன்’ என்ற பெயரைத் தங்கள் ஆட்களுக்குச் சூட்டவில்லை, சூட்டியது வாசகர்கள்.

2005இல் ஷங்கரின் படம் இந்தப் பெயரைத் தமிழ்நாட்டின் கடைசிக் கிராமம் வரை கொண்டுபோனது. காம்யுவுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் அந்நியன் அம்பி என்பவனின் அதே உடம்புக்குள் இருக்கிறான். சொல்லின் பயணத்தைத் தொடர்பவனுக்கு அது முக்கியம். கடலுக்கு அப்பால் இருந்தது, வீட்டுக்குள் வந்தது, பிறகு ஆளுக்குள்ளேயே வந்துவிட்டது.

இன்றைக்கு எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறிப் போகிற பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் சொல்வதுண்டு: “வர்றான், துன்றான், படுக்குறான். அந்நியம் மாதிரி ஆயிட்டான்.” கவனியுங்கள், ‘ஆயிட்டான்’. இந்தப் பெயர் வினையாகும்போது தமிழ் மூன்று வழி வைத்திருக்கிறது. அந்நியமாவது, அந்நியப்படுவது, அந்நியப்படுத்துவது. முதலாவதில் யார் செய்தது என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டாவதில் ஏதோ ஒன்று அவனுக்கு நேர்ந்திருக்கிறது. மூன்றாவதில் செய்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும். மார்க்ஸின் கருத்துக்கு ராஜதுரை தேர்ந்தது ‘ஆதல்’. சொல்லாக அது நிலைத்துவிட்டது, மாற்ற முடியாது. ஆனால் காஞ்சிபுரத்துத் தறியைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அங்கே ‘படுத்தல்’தான் சரியென்று படுகிறது. சேலை தானாக அந்நியமாகவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பேச்சில்லாமல் படுக்கிற பிள்ளையும் தானாக அப்படி ஆகவில்லை.

மெர்சோவுக்கு எது பொருந்தும்? வழக்கு மன்றம் அவனை அந்நியப்படுத்தியது என்று சொன்னால் பாதி சரி. அம்மா சாவுக்கு முன்பே அவன் அந்நியப்பட்டிருந்தான் என்பதும் பாதிதான். தலை போகக் காத்திருக்கிற ஓர் இரவில், பாதிரியாரை விரட்டிவிட்டு, ஜன்னல் வழியாக நட்சத்திரங்களைப் பார்த்தபடி, எதையும் திருத்தச் சொல்லிக் கேட்காமல் தன் வாழ்க்கையை அவன் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்கிறான். அந்த இடத்துக்கு இந்த மூன்று வினையும் உதவாது. ‘அந்நியனாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், அந்த ‘இரு’ தங்குவதையும் காத்திருப்பதையும் உயிரோடிருப்பதையும் சேர்த்துச் சொல்லும்படியாக.